நாலு விரல் இடைவெளி

டெல்மர் கோக்கியின் சட்டைப்பையில் ஏழு கேள்விகள் இருந்தன. அவர் சொல்லச் சொல்ல மனைவி ஆர்லீன் எழுதிக் கொடுத்தவை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷன்; எழுத்து அவருக்குச் சரிப்பட்டு வராது. ஆனால் போன வருஷம் வாங்கின வரிப்பணம் எங்கே போனது என்று கேட்கப் படிப்பு எதற்கு? சாலைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் லாரி ஓட்டினவருக்கு இது தெரியாதா?

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. வெர்மான்ட் மாநிலத்தில் எங்கள் ஆர்ட்வே ஊரில் அன்றைக்குத்தான் ஊர்க்கூட்டம். காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவோம். வாசலில் பெயரைச் சரிபார்த்து ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். அட்டையைத் தூக்கினால் அது ஓட்டு. எங்கள் தலையில் ஏறும் வரியை நாங்களே கை தூக்கி ஏற்றிக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரன் எந்தப் பக்கம் தூக்கினான் என்பதை அடுத்த பனி விழுகிறவரை மறக்கமாட்டோம்.

இந்த வருஷம் பள்ளி போர்டு வரியில் நூற்றுக்குப் பதினொன்று கூடக் கேட்டது. மூன்று வருஷமாக ஏற்றம்தான். இந்த முறையும் ஏறினால் வீட்டையும் மேப்பிள் தோப்பையும் விற்கவேண்டியதுதான் என்று டெல்மர் காலையில் சொன்னபோது, ஆர்லீன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை.

அதனால் அவர் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். மேடையில் போர்டுத் தலைவி ரோசன்னா டட்டன் பேசிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்காரி, நெட்டையாக இருப்பாள், எதற்கும் ஒரு தாள் வைத்திருப்பாள். ஆசிரியர்களின் வைத்தியக் காப்பீடு ஏறிவிட்டது, பஸ் டீசல் ஏறிவிட்டது என்று அவள் அடுக்கும்போது, டெல்மரின் பக்கத்து நாற்காலியில் இருந்த ஃபெரிஸ் பீக்கர் காதுக்குள் சிரித்தான். ஃபெரிஸ் அவருடைய பால்ய சிநேகிதன். மாடு வைத்திருப்பவன், வரி என்றால் அவனுக்கும் எரியும்.

"தலை எண்ணிட்டேன்டா. இன்னிக்கு இவ காலி," என்றான்.

அப்போதுதான் முதல் சத்தம் கேட்டது.

பெரிய சத்தமில்லை. உறைந்த ஏரியின் மேல் நடக்கும்போது தூரத்தில் எங்கோ பனிக்கட்டி முனகுமே, அந்த மாதிரி. ஆனால் அது மேலேயிருந்து வந்தது. யாரும் தலை தூக்கவில்லை. டெல்மர் தூக்கினார்.

பிப்ரவரி முழுக்க விழுந்த பனி அந்தத் தட்டைக் கூரைமேல் இடுப்பளவு கிடந்தது. முந்தாநாளிலிருந்து அதன்மேல் மழை. பனி மழையைப் பஞ்சு மாதிரி குடிக்கும், வழியவிடாது. எடை என்ன ஆகும் என்பது கூரையில் நின்று மண்வாரியால் அள்ளினவனுக்குத்தான் தெரியும். டெல்மர் அள்ளியவர். சாலைப் பிரிவில் இருந்த காலத்தில் முப்பது குளிர்காலம் இந்தக் கூரையை அவர்தான் சுத்தம் செய்தார்.

வெந்நீர்க் குழாய் முறுக்கிக்கொள்கிற சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி காகிதத்தைத் தொட்டார். அதன்மேல் வெள்ளையாக ஏதோ பொடி விழுந்தது. மாவு மாதிரி. ஃபெரிஸின் காபியிலும் விழுந்தது. அவன் விரலால் எடுத்து எறிந்துவிட்டுக் குடித்தான்.

கூடத்தின் நடுவே ஒரு பெரிய கான்வாஸ் திரை உண்டு. பெண் பிள்ளைகள் இந்தப் பக்கம், பையன்கள் அந்தப் பக்கம் விளையாடுவதற்குக் கூரையிலிருந்து தொங்கும். கூட்டத்தன்று சுவரோரம் ஒதுக்கிச் சுருட்டிவிடுவார்கள். ஆனால் கடைசி இரண்டு கெஜம் ஒதுங்காது, கொக்கி துருப்பிடித்து நடு உத்திரத்துக்கு நேர்கீழே அப்படியே தொங்கும். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து நாலு விரல் மேலே நிற்கும். டெல்மருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷம் அதன் அடியில் துடைப்பத்தை விட்டு உருகின பனித்தண்ணீரைத் தள்ளியிருக்கிறார்.

இன்றைக்குத் திரையின் விளிம்பு தரையில் கிடந்தது. கிடந்தது மட்டுமில்லை, மடிந்து கிடந்தது.

 உடனே ஒரு சந்தேகம் வந்தது. இவள், இந்த ரோசன்னா, ஆள் வைத்துத் திரையை இறக்கியிருப்பாளோ? கூரை இறங்குகிறது என்று ஊர் பயந்தால் வரிக்குக் கை தூக்கும் அல்லவா? இவர்கள் செய்யக்கூடியவர்கள்தான். அப்படி நினைத்தது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. கண்ணை உயர்த்தி வடக்குச் சுவர்ப் பக்கம் கூடைப்பந்து வளையம் தொங்கும் பலகையைப் பார்த்தார். அதுவும் கூரையில் பூட்டியதுதான். வளையத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. அவ்வளவு உயரத்தில் யாரும் ஏறி அதை இறக்கியிருக்க முடியாது.

ஆறுதல் போய்விட்டது.

இதை வேறு எவனாவது பார்த்திருந்தால் எழுந்து கத்தியிருப்பான். டெல்மரால் முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கூட்டத்தில், அப்போதிருந்த போர்டு கூரையைப் பலப்படுத்த நாற்பதாயிரம் டாலர் கேட்டது. அதற்கு முந்தைய வருஷம் கூரைக்கென்று வாங்கின பணம் என்னாச்சு என்று டெல்மர் எழுந்து கேட்டார். நிபுணர் ஒருவருக்கு அறிக்கை எழுதக் கொடுத்தோம் என்றார்கள். அறிக்கை எங்கே? தேடவேண்டும் என்றார்கள். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் டெல்மருக்கு இறக்கை முளைத்துவிட்டது. முப்பது வருஷம் அந்தக் கூரைமேல் நின்றவன் நான், அது என்னையும் தாங்கியது உங்களையும் தாங்கும், நாற்பதாயிரத்தையும் கணக்கிலிருந்து அடியுங்கள் என்று முன்மொழிந்தார். அடித்தார்கள். கைதட்டினார்கள். பனி அள்ளும் கூலியும் அந்தக் கணக்கிலேயே இருந்தது, அதுவும் போனது. அன்றிலிருந்து கூரைப் பனியை வெயில்தான் அள்ளுகிறது.

அவர் கேட்ட கேள்வியில் தப்பில்லை. அந்தப் போர்டு பணத்தைத் தின்றதுதான். ஆனால் சொன்னது பொய். அந்தக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால், ஒழுகல் எங்கே என்று பார்க்கக் கூரை இடுக்கில் ஊர்ந்தவர் நடு உத்திரத்தைக் கண்டார். இணைப்புத் தகடு பிரிந்து மரத்தில் விரல் நுழைகிற விரிசல். விட்டுப் பார்த்தார், நுழைந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள். ஆர்லீனிடம்கூடச் சொல்லவில்லை.

இன்னொரு முனகல். இந்த முறை முன்வரிசையில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கம்பளி பின்னத் தொடங்கினாள்.

டெல்மர் எழுந்தார். எங்கேடா போறே, அடுத்து உன் முறை என்று ஃபெரிஸ் கையைப் பிடித்தான். மூத்திரம் என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நடந்தார்.  பின்பக்க இரட்டைக் கதவைத் தள்ளினார். காலையில் எல்லோரும் உள்ளே வந்த ஒரே வாசல், சுண்டுவிரலால் திறந்த கதவு. தோளைக் கொடுத்தும் அசையவில்லை. நிலை அதைக் கவ்விப் பிடித்திருந்தது.

கூடத்தை ஒட்டிச் சமையலறை. அதுவும் அதே கூரைக்குக் கீழேதான், ஆனால் வெளியே போகத் தனிக்கதவு உண்டு. ஆர்லீன் அங்கே மதிய சாப்பாட்டுக்கு பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பு மாற்றி ஐந்து மாதம் ஆகிறது; நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நத்தை மாதிரிதான் நடப்பாள். போய் நம் லாரியில் உட்கார் என்றார் அவர். ஏன் என்றாள். சட்டைப்பையிலிருந்த காகிதத்தைத் தடவிக்கொண்டார்.

"பேசப் பயமா இருக்குதா? காயிதத்தைக் குடு, நான் போய்ப் படிக்கிறேன்," என்றாள் அவள், கரண்டியை எடுக்காமலே.

அவள் தலைக்கு மேலே விளக்குச் சங்கிலி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

அவர் கூடத்துக்குத் திரும்பினார். சமையலறையோடு சேர்த்து நூற்றிருபது தலைகள். எல்லாவற்றையும் அவருக்குத் தெரியும். எவன் வீட்டில் எத்தனை மாடு, எவள் எவனோடு பேசுவதில்லை என்பதெல்லாம் தெரியும். வாயை மூடிக்கொண்டு ஆர்லீனை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடலாம். கூரை நிற்கவும் நிற்கலாம். நாலு வருஷம் நிற்கவில்லையா? அப்படி அவர் நினைத்தது உண்மை. எவ்வளவு நேரம் நினைத்தார் என்று பிறகு யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மஞ்சள் அட்டையைத் தூக்கினார்.

சபையை நடத்துகிறவர் ஹோலிஸ் வெதர்பி. மாட்டு வைத்தியர், இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் தலைவர், விதிப்புத்தகத்தைப் பைபிள் மாதிரி மடியில் வைத்திருப்பார். ரோசன்னா பேசி முடிக்கட்டும் என்று கை காட்டினார். டெல்மர் அட்டையை இறக்கவில்லை.

"ஒழுங்குப் பிரச்சினை, தலைவரே."

சபை முழுக்கச் சிரிப்பு. வருஷா வருஷம் அவர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்புவார். பாதி நேரம் காபி ஆறிப்போனது என்பதற்காக. ஹோலிஸ் பெருமூச்சு விட்டார்.

"சொல்லுய்யா. என்ன ஒழுங்கு கெட்டுப்போச்சு?"

"கூரை இறங்குது. எல்லாரும் வெளிய போகணும். இப்பவே."

சிரிப்பு நிற்கச் சற்று நேரமாயிற்று. பிறகு நாலாபக்கமும் பேச்சு. வரிக்கு எதிராகப் பேச வந்தவன் கட்சி மாறிட்டான் என்றான் ஒருவன். மாறலை, பட்ஜெட்டை இன்னிக்கு எடுக்கவிடாம இழுக்கிறான் என்றாள் இன்னொருத்தி. இரண்டு பக்கமும் அவரை நம்பவில்லை. ரோசன்னா கையிலிருந்த தாளைத் தாழ்த்தினாள்.

"டெல்மர், நாலு வருஷம் முன்னாடி இதே இடத்துல நின்னு இந்தக் கூரைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது நீங்கதானே?" கோபமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

டெல்மர் திரும்பினார். சமையலறை வாசலில் ஆர்லீன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்தார்.

"சொன்னேன். பொய் சொன்னேன். நடு உத்திரம் விட்டிருந்தது. என் விரலை விட்டுப் பார்த்தேன். உங்ககிட்ட தோக்கக் கூடாதுன்னு மறைச்சிட்டேன். இப்ப அந்தத் திரையைப் பாரும்மா. நாலு விரல் மேல நிக்கிற திரை. பாரு."

ரோசன்னா பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஹோலிஸ் மட்டும் புத்தகத்தைப் பார்த்தார். சபை கலைய வேண்டுமென்றால் தீர்மானம் வேண்டும், ஒத்திவைக்கிறோம் என்று யாராவது முன்மொழிய வேண்டும் என்றார். தீ எரிந்தாலும் எங்கள் ஊரில் இப்படித்தான். டெல்மர் முன்மொழிந்தார். யார் வழிமொழிகிறீர்கள் என்று கேட்டபோது ஃபெரிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயிக்கிற நாளில் கூட்டத்தைக் கலைக்க அவனுக்கு மனமில்லை. ரோசன்னாவுக்கும் நஷ்டம்தான், அவளுடைய ஆட்கள் பாதிப்பேர் அரைநாள் விடுப்பில் வந்தவர்கள், இன்னொரு நாள் வரமாட்டார்கள். அவள் திரையின் மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வழிமொழியறேன்," என்றாள்.

ஆம் என்பவர்கள் குரல் கொடுத்தார்கள். இல்லை என்பவர்களும் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே கனத்தில் இருந்தது. ஆம் பக்கம் என்று ஹோலிஸ் சொல்ல வாயெடுத்தார், ஃபெரிஸ் எழுந்துவிட்டான்.

"எண்ணிக்கை கேக்கறேன். காதால கேட்டுத் தீர்ப்புச் சொல்றதெல்லாம் வேணாம். எண்ணுங்க."

இப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்ததே டெல்மர்தான். நம்பாதே, எண்ணச் சொல் என்று எத்தனை வருஷம் ஃபெரிஸின் காதில் ஓதியிருக்கிறார்.

எண்ணிக்கை கேட்டால் எண்ணித்தான் ஆகவேண்டும். எண்ணி முடிகிறவரை கதவு மூடியிருக்கும், ஒருவர் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. ஊர்க் கிளார்க் மாவிஸ் ஹூட் பென்சிலை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தாள். ஆம் என்பவர்கள் அட்டையைத் தூக்கி நின்றார்கள். சமையலறைக்காரர்களுக்கும் ஓட்டு உண்டு. அவர்கள் கூடத்துக்குள் வந்து நின்றால்தான் எண்ணுவாள். ஆர்லீன் சட்டத்தைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து உள்ளே வந்தாள். நேராக நடு உத்திரத்துக்குக் கீழே. அட்டையைத் தூக்கினாள். கணவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

டெல்மர் சத்தம் போட நினைத்தார். போட்டால் மாவிஸுக்கு எண்ணிக்கை தப்பும், முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வாயை மூடிக்கொண்டு நின்றார்.  முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. மேலே ஒரு ஆணி பிடுங்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. நாற்பத்தேழு. மாவிஸின் பென்சில் நின்றது, அவளும் மேலே பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். யாரும் ஓடவில்லை. முதலில் ஓடுகிறவன் என்று பெயர் வாங்க ஒருவருக்கும் மனமில்லை, அதுதான் காரணம். அறுபத்திரண்டு பேர் ஆம். பிறகு இல்லை என்பவர்கள். ஃபெரிஸ் அட்டையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றான், ஆனால் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஐம்பத்தெட்டு.

"ஒத்திவைக்கப்பட்டது," என்று ஹோலிஸ் சுத்தியலைத் தட்டினார். அந்தத் தட்டலுக்கே டெல்மர் குனிந்துவிட்டார்.

பின்கதவு திறக்காது, சமையலறை வழி போங்கள் என்று கத்தினார். போனார்கள், ஆனால் எங்கள் ஊர் நடையில். கோட்டைத் தேடினார்கள், பின்னல் நூலைச் சுருட்டினார்கள். ஒருத்தி தான் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பலகாரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டாள். டெல்மர் ஆர்லீனை, சட்டத்தோடு சேர்த்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். எழுபத்திரண்டு வயதில் அதைச் செய்யக்கூடாது. செய்தார்.

வெளியே மழை. வண்டி நிறுத்துமிடத்தில் நூற்றிருபது பேரும் நனைந்துகொண்டு கூரையைப் பார்த்தார்கள். அது இருந்தது. ஐந்து நிமிடம் இருந்தது. பத்து நிமிடமும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒருவன் சிரித்தான்.

"எங்கடா கூரை? பறந்து போயிடுச்சா?" என்றான் ஃபெரிஸ். பயந்தது தெரிந்துவிட்ட கோபம் அவனுக்கு. பீன்ஸ் தீய்ந்துவிடும் என்று இரண்டு பெண்கள் சமையலறைக் கதவுப் பக்கம் நடந்தார்கள். இன்னும் நாலு பேர் பின்னால். டெல்மர் குறுக்கே போய்க் கதவை மறித்துக் கையை விரித்து நின்றார். தள்ளிப்போ என்றார்கள். மாட்டேன் என்றார். கூரை விழவில்லையென்றால் இவர்கள் உள்ளே போவார்கள், போய் உட்காருவார்கள். அப்போதுதான், விழு, விழுந்து தொலை என்று தான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பயம் மற்ற பயத்தையெல்லாம்விடப் பெரியதாக இருந்தது.

சத்தம் நினைத்த மாதிரி இல்லை. முதலில் ஒரு பெரிய மூச்சு விட்டது போல. பின்கதவு தானாகத் திறந்து காற்றோடு மஞ்சள் அட்டைகளையும் தாள்களையும் வெளியே துப்பியது. பிறகுதான் இடி. நடுக்கூரை ஒரேயடியாக உள்ளே போனது. ஜன்னல்களெல்லாம் வெள்ளையாகின. முதுகுக்குப் பின்னால் சமையலறைச் சுவர் அதிர்ந்தது டெல்மரின் பல்லில் தெரிந்தது. கதவைப் பார்த்து வந்த அந்த ஆறு பேரும் அப்படியே நின்றார்கள்.

 ஃபெரிஸ் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். ரோசன்னா தலைகளை எண்ணத் தொடங்கினாள். மாவிஸும் எண்ணினாள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இனி நாற்பதாயிரத்தில் முடியாது. புதுக் கூடம் என்றால் எத்தனை லட்சமோ. அது யார் தலையில் ஏறும் என்று டெல்மருக்குத் தெரியும். மேப்பிள் தோப்பு கண்ணில் வந்து போனது.  கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மாவிஸ் நடவடிக்கைப் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தாள். லாரியின் அருகே வந்து நின்றாள். உள்ளே ஆர்லீன் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். தூக்கிவந்ததிலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"டெல்மர், கூரை இறங்குதுன்னு சொன்னதை எழுதிட்டேன். அதுக்கப்புறம் சொன்னீங்களே... அதை வேணா விட்டுடட்டுமா? யாரும் கேக்க மாட்டாங்க," என்றாள் மாவிஸ் மெல்ல.

டெல்மர் இடிந்த கூரையைப் பார்த்தார். முப்பது வருஷம் நின்ற இடம்.

"எழுது."

அவள் லாரியின் முன்பக்கத்தில் புத்தகத்தை வைத்து, மழைக்குத் தொப்பியைக் குடையாகப் பிடித்து எழுதினாள். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து மூடப்போனவளின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். எழுத்து அவருக்கு ஊர்ந்தது. ஜன்னல் வழியாக ஆர்லீனிடம் நீட்டினார்.

"சரியா எழுதியிருக்காளான்னு படி. சத்தமா."

ஆர்லீன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தாள். விரலை வரியின்மேல் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் விடாமல் படிக்கத் தொடங்கினாள்.